புதுப்புனலும் நிழற்படமும்
(கண்டி மலைநாட்டு நீர்க்காட்சிப் படங்கள் பற்றிய ஒரு திறனாய்வு)

நீரின் எழிலைப் பாடாத புலவரும் இலர். அதனைத் தீட்டாத ஓவியரும் இலர். இவ்விருவர்க்கும் பின்னர்த் தோன்றிய நிழற்படக் கலைஞரும் அவ்வழியே சென்றனர். ஏரியும் அருவியும் உள்ள இடமெங்கும் இன்று கமராவும் உண்டு. இக்கலைஞருள் குளிர்நாட்டினர் பெரிதும் விரும்பி எடுக்கும் நீர்க்காட்சி ஒன்றுண்டு. குளிர்காலம் முழுதும் உறைந்து கிடந்த ஏரியின் மேற்பரப்பு இளவேனில் வெயிலில் வெடித்துப் பிளவுறுவதும், பாறையோடு பாறையாய் இறுகிநின்ற அருவி நெகிழ்ந்து மீண்டும் ஓடத் தொடங்குவதுமே அக்காட்சி. அப்படங்களைக் கண்ட எம்மவர், தம் ஊரருவியையும் அதே மெருகோடு எடுக்க முயல்கின்றனர். முயற்சி தவறன்று. ஆயினும் அவர்கள் அப்படங்களின் மெருகைக் கைக்கொண்டு உயிரைக் கைவிட்டனரோ என்னும் ஐயம் எமக்கு நெடுநாளாக உண்டு. அவ்வையத்தை ஆராய்ந்து, கண்டியிலும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டிலும் எடுக்கப்படும் நீர்க்காட்சிப் படங்களை எவ்வளவைக்கொண்டு மதிப்பிடுதல் தகும் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், பனி நெகிழும் காட்சிக்கு மதிப்புத் தருவது யாது என நோக்குவோம். வெண்மையும் நீலமும் கலந்த நிறம் மட்டுமோ? அன்று. அக்காட்சி ஒரு நாளுக்கு உரியது. மறுநாள் அது இராது. யப்பான் நாட்டிலுள்ள சுவா ஏரி உறைந்து, அதன் பனிப்பரப்பு வெடித்து மேடாக எழும் நாளை அங்குள்ள கோயிற் குருமார் 1443ஆம் ஆண்டு முதல் குறித்து வருகின்றனர். அம்மேடு ஆண்தெய்வம் தன் தேவியைக் காணச் சென்ற வழி என்பது அவர்தம் நம்பிக்கை. அண்மைக் காலத்தில் அவ்வேரி உறையாத ஆண்டுகள் பெருகிவிட்டமையை அக்குறிப்பே உலகிற்கு உணர்த்துகின்றது. சுவீடனுக்கும் பின்லாந்திற்கும் எல்லையாய் ஓடும் டோர்னே ஆற்றில் பனி உடையும் நாள் 1693ஆம் ஆண்டு முதல் பதியப்பட்டு வருகின்றது. நிழற்படக் கலைஞரும் இந்நெறியை மேற்கொண்டனர். அமெரிக்கரான ஜேம்ஸ் பேலொக் என்பார் 2007ஆம் ஆண்டு முதல் பனியாறுகளின் எதிரே கமராக்களை நிறுத்தி, ஒரே இடத்தை ஆண்டுக்கணக்காகப் படமெடுக்கச் செய்தார். ஒவ்வொரு படமும் தனியே அழகியதுதான். எனினும் முதற்படத்தையும் இறுதிப்படத்தையும் அருகருகே வைக்கும்போதே நெஞ்சம் துணுக்குறுகின்றது. ஆகவே பனி நெகிழும் படம் காலத்தின் சான்றாகும். பனிக்கட்டியே அங்கு நாழிகைவட்டிலாக நின்று, கலைஞன் கருதினும் கருதாவிடினும், படத்தினுள் காலத்தைப் பொறித்துவிடுகின்றது.

எமது நாட்டில் ஏரி உறைவதில்லை; அருவி இறுகுவதில்லை. ஆயின் நீர் கட்டுண்டு கிடந்து விடுபடும் பருவம் எமக்கு இல்லையோ எனின், உண்டு. வடபுலத்துப் பனியை நெகிழ்விக்கும் அதே ஞாயிறு, தன் வடதிசைச் செலவில் ஏப்பிரல் மாதம் 5ஆம் நாள் தொடக்கம் 15ஆம் நாள் வரை இலங்கையின் உச்சிக்கு நேராக நிற்கின்றது. தை மாசியில் வறண்ட மலைச்சரிவுகள் பங்குனி சித்திரையில் நண்பகல் வரை வெந்து, பிற்பகலில் இடியும் மின்னலுமாய் இடைப்பருவ மழையைப் பெறுகின்றன. வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று வந்து மேற்குச் சரிவின் அருவிகளை நிரப்புகின்றது. மாசியில் பாறை மேல் நூலிழைபோல் ஒட்டிக் கிடந்த நீர் வைகாசியில் முழங்குகின்றது. வடக்கே பனியை உடைக்கும் வெயிலும் இங்கே முகிலை எழுப்பும் வெயிலும் ஒன்றே.

இவ்விடுதலையைத் தமிழர் அறியாதவர் அல்லர். புதுப்புனல் என்னும் சொல்லே அதற்குச் சான்று. பரிபாடலில் வையை பற்றிய பாடல்கள், ஆற்றில் புதுவெள்ளம் வந்ததென்ற செய்தி கேட்டு மதுரை மாந்தர் கரைக்கு விரைந்ததையும், நீராடி மகிழ்ந்ததையும் விரித்துரைக்கின்றன. காவிரிக்கரையில் ஆடிப்பெருக்கு இன்றும் கொண்டாடப்படுகின்றது. திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலத்தில், சாரல் விழும் பருவம் எப்போது வருமென்று மக்கள் இன்றும் எதிர்நோக்கி நிற்பர். புதுப்புனல் என்பது வெறும் நீரன்று, வந்த நீர். வாராதிருந்த காலத்தின் நினைவும் அச்சொல்லினுள் அடங்கியுள்ளது. அந்நினைவு இல்லாதவனுக்கு அது புதிதாகத் தோன்றாது.

இனி, படத்தை மதிப்பிடும் அளவைக்கு வருவோம். மேலைநாட்டு நூல்களைத் தேடிச் செல்லுமுன் எம்மிடம் உள்ளதை எடுத்து நோக்குதல் தகும். தொல்காப்பியர் பாடற்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்து, அவற்றுள் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதுமாகும் என வரையறுத்தார். நிலத்தைக் கூறிப் பொழுதைக் கூறாவிடின் முதற்பொருள் நிறைவுறாது என்பது இதனாற் பெறப்படும். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. அதற்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது, யாமம் சிறுபொழுது. தெய்வம், மக்கள், விலங்கு, புள், மரம், தொழில் முதலியன கரு. மாந்தர் ஒழுக்கம் உரி. இவ்விலக்கணம் செய்யுளுக்குக் கூறப்பட்டது, நிழற்படத்திற்கு அன்று. எனினும் ஓர் இடத்தைக் கலையாக்க விழைவோன் எவற்றைத் தன்னகப்படுத்தல் வேண்டும் என்னும் வினாவிற்கு இதனினும் தெளிவான விடையை யான் கண்டிலேன். இவ்வளவையால் நோக்கின் எம்மவர் எடுக்கும் அருவிப் படங்களிற் பெரும்பாலானவற்றில் நிலம் உண்டு, பொழுது இல்லை. கரு அருகியே காணப்படும்; உரியோ முற்றாக இல்லை.

இக்குறை எவ்வாறு வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1851ஆம் ஆண்டில் பிரடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட கொலோடியன் ஈரத்தகட்டு முறையே, மலைநாட்டின் முதல் நிழற்படங்கள் பலவற்றிற்கு அடிப்படையாயிற்று. 1860களில் கண்டியில் தொழில் நடத்திய ஜோசப் லோட்டன், 1870களில் அங்கு நிழற்படக்கூடம் அமைத்த சார்ள்ஸ் ஸ்கோவன் முதலியோர் அக்காலத்தவர். கண்ணாடித் தகட்டிற் பசையைப் பூசி, அது உலருமுன் படமெடுத்து, உலருமுன்னரே இருட்கூடாரத்தினுள் வைத்துக் கழுவல் வேண்டும். அருவியண்டை படமெடுக்கச் சென்றவன் ஒரு சிறு தொழிற்சாலையையே கூலியாட்களின் தோளில் ஏற்றிச் சென்றான் எனின் மிகையாகாது. தகட்டின் உணர்திறன் குறைவு. ஆகையால் பல வினாடிகள் ஒளியை உட்புக விடுதல் வேண்டும். அவ்வினாடிகளில் வீழ்ந்த நீரெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து, பாலை ஊற்றினாற்போல் வெண்திரையாயிற்று. நீல ஒளியை மட்டும் மிகுதியாக ஏற்கும் அத்தகட்டில் வானமும் வெளிறியது. இலையும் செம்மண்ணும் கறுத்தன. பாலருவி என்னும் தோற்றம் அக்கலைஞர் விரும்பித் தெரிந்ததன்று. கருவியின் இயலாமையால் விளைந்தது. அதனை நாம் குறைகூறல் நேர்மையன்று. தமக்கு வாய்த்த கருவியின் எல்லைவரை சென்று, பாறையின் படிவையும் காட்டின் அடர்த்தியையும் அவர்கள் காட்டிய நுட்பம் இன்றும் வியத்தற்குரியது.

குறைகூறத் தக்கது அதன்பின் நிகழ்ந்ததே. 1890ஆம் ஆண்டிற் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் போன்றவை அஞ்சலட்டைகளாய் இக்காட்சிகளை உலகெங்கும் பரப்பின. பாலருவியே அருவியின் இலக்கணம் எனக் கண்டோர் மனத்திற் பதிந்தது. இன்றைய கமராவோ வினாடியின் ஆயிரத்திலொரு பங்கிலும் படமெடுக்க வல்லது. அவ்வாறிருந்தும் கலைஞன் கமராவை முக்காலியில் நிறுத்தி, ஒளியைக் குறைக்கும் கரிய வடிகண்ணாடியை அதன் முகத்தில் மாட்டி, வலிந்து பல வினாடிகள் காத்திருந்து, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய இயலாமையை மீண்டும் உண்டாக்குகின்றான். முன்னோர்க்குத் தடையாயிருந்தது பின்னோர்க்கு அணியாயிற்று.

இதற்கு எதிராக வேறொரு வழக்கமும் உண்டு. வினாடியின் ஆயிரத்திலொரு பங்கில் ஷட்டர் மூடுமாயின், வீழும் திவலைகள் பளிங்குமணிகளாய் அந்தரத்தில் நிற்கும். பனியறியா நாட்டின் நீரைக் கமராவே உறைவித்துவிடுகின்றது! பட்டுத்துகிலும் பளிங்குமணியும் ஆகிய இரண்டும் மனிதன் கண் காணாத காட்சிகள். கண் காணாததைக் காட்டுதல் கலைக்கு விலக்கன்று. எனினும் இரண்டிற்கும் பொதுவான ஒரு குறையை நோக்குக. பட்டுத்துகிலாய்த் தோன்றும் நீர் மாசியின் நீரோ வைகாசியின் நீரோ எனப் பிரித்தறிய இயலாது. சிற்றொழுக்கும் பல வினாடிகள் படிந்தால் பேரருவிபோற் காட்சிதரும். முதன்மழையில் தேயிலைச் சரிவின் மண்ணைக் கரைத்துக் கொணரும் செந்நீரும் வெளிறி வெண்மையாகிவிடும். இவற்றுக்கு இடைப்பட்ட நிலையில், வினாடியின் பதினைந்திலொரு பங்கு அளவில் எடுக்கும்போது நீரின் கனமும் வேகமும் ஓரளவு புலப்படும். ஆனால் அவ்வாறு எடுத்த படம் பார்ப்போர்க்கு உடனே கவர்ச்சியூட்டுவதில்லை. ஆகையால் எடுப்பார் சிலரே.

அருவியை விட்டு ஏரிக்கு வருவோம். கண்டி வாவியை அமைத்தவன் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். வயலாயிருந்த தாழ்நிலத்தை 1807ஆம் ஆண்டில் அணையிட்டு மறித்து அவன் இதனை ஆக்குவித்தான். சிங்களத்தில் இதற்குக் கிரிமுகுத, அதாவது பாற்கடல் என்றொரு பெயர் உண்டு. 1815ஆம் ஆண்டில் நாடிழந்து, வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1832ஆம் ஆண்டில் அங்கேயே உயிர்நீத்த அம்மன்னன், கரையோரத்தில் எழுப்பத் தொடங்கிய முகிற்சுவரை முடிக்கவில்லை. இத்துணைத் துன்பம் சூழ்ந்த நீர்நிலையை நிழற்படக் கலைஞர் எவ்வாறு காட்டினர்? தெற்கே உள்ள மேட்டுச்சாலையில் நின்று, காற்றசையாத காலையில், தலதா மாளிகையும் நடுத்திட்டும் நீரிற் கவிழ்ந்து தோன்றுமாறு எடுப்பதே மரபாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் படத்தையும் சென்ற ஆண்டின் படத்தையும் ஒருங்கு வைத்தால், கட்டடங்களின் தொகை வேறுபடுமேயன்றி நீர் வேறுபடுவதில்லை. மட்டம் தாழ்ந்து கரைச்சேறு தோன்றும் நாட்களும், பாசி படர்ந்து நீர் பசுமையேறும் கோடையும், சித்திரை மாலையில் முதன்மழை நகரத் தெருக்களின் அழுக்கையெல்லாம் அடித்துக்கொணர்ந்து வாவியிற் கொட்டும் நேரமும் படமாவது அரிது. பொலரைசர் என்னும் கண்ணாடியைத் திருப்பினால் நீரின் மேற்பளபளப்பு நீங்கி, அடியிலுள்ளது தெரியும். வாவியை எடுப்போர் அதனைத் திருப்ப விரும்புவதில்லை. கண்ணாடிபோற் காட்டவேண்டும் என்பதே அவர் கருத்து.

இவ்விடத்தில் எனது தவறொன்றையும் கூறுதல் கடமையாகின்றது. சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாடசாலையொன்றில் மாணவர் எடுத்த நிழற்படங்களைக் காட்சிக்கு வைத்தனர். நடுவர் மூவருள் யானும் ஒருவன். றம்பொடை அருவியைப் பட்டுத்துகில்போற் காட்டிய படமொன்றிற்கு நாம் ஒருமனதாக முதற்பரிசு அளித்தோம். அடுத்த வரிசையிற் சிறியதொரு படம் இருந்தது, கைத்தொலைபேசியில் எடுக்கப்பட்டது. இருள் நீங்காத வேளை. கரிய பாறைமுகம், அதன் ஓரத்தில் ஈரக்கசிவு, கீழே சாலையில் முக்காடிட்ட இருவர் பேருந்திற்குக் காத்துநின்றனர். அடியில் மாணவன் எழுதியிருந்தது இவ்வளவே: சென் கிளயார், விடியுமுன், நீர் இன்னும் விடப்படவில்லை. அதற்கு எதிரே மதிப்பெண் தாளில், நீர்வீழ்ச்சியில் நீர் இல்லை என்று குறையாக எழுதியவன் யானே. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த அம்மாணவன் எம்மிடம் ஒன்றும் வினவவில்லை. படத்தைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு சென்றான்.

அப்படம் காட்டிய பொருளை யான் பின்னரே உணர்ந்தேன். கொத்மலை ஓயாவில் ஏறத்தாழ 80 மீற்றர் உயரத்திலிருந்து அகன்று வீழும் சென் கிளயார், அதன் அகலத்தால் இலங்கையின் நயாகரா எனப் பெயர்பெற்றது. அட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் சாலையிலும் புகைவண்டியிலும் போவோர் அதனைக் காணாது செல்வதில்லை. நீண்ட எதிர்ப்பிற்கும் விவாதத்திற்கும் பின்னர், 150 மெகாவற் மின்வலுவைக் கருதிய மேல் கொத்மலைத் திட்டம் 2012ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. தலவாக்கலையில் அணை எழுந்தது. ஆற்றுநீர் சுரங்கவழியே மின்நிலையத்திற்குத் திருப்பப்பட்டது. அருவி முற்றாக மறையாதிருக்கும்பொருட்டுப் பகற்பொழுதில் மட்டும் குறித்த அளவு நீரை விடுவதற்கு ஏற்பாடாயிற்று. எனவே அவ்வருவியின் சிறுபொழுதை இன்று வகுப்பது ஞாயிறும் மழையும் மட்டுமல்ல; அணையின் வாயிலும் வகுக்கின்றது. மின்விளக்கு வேண்டாம் என நாம் கூறவில்லை. இக்கட்டுரையும் மின்னொளியிலேயே எழுதப்படுகின்றது. ஆயினும் நண்பகலில் அங்கு சென்று, முக்காலி நிறுத்தி, பல வினாடிகள் காத்து, ஆதிநாள் தொட்டு இடையறாது வீழும் அருவிபோல் அதனைக் காட்டுபவன் அழகிய பொய்யொன்றையே உரைக்கின்றான். விடியுமுன் சென்ற அம்மாணவன் மெய்யை உரைத்தான். பனிநாட்டுக் கலைஞன் நெகிழ்வதற்கு முந்திய உறைவைக் காட்டுவதுபோல, அவன் விடுபடுவதற்கு முந்திய கட்டைக் காட்டினான். எமது மலைநாட்டிற் பனிக்கு ஈடாக நின்று நீரைப் பிணிப்பவை கோடையும் அணையுமே என்பதை அவனே முதலிற் கண்டுகொண்டான்.

அணைகளைப் பற்றிக் கூறும்போது மற்றொரு வகைப் படங்களையும் நோக்கல் வேண்டும். பனி நெகிழும்போது அதன்கீழ் மறைந்திருந்தவை வெளிப்படும். இங்கோ நீர் வற்றும்போது வெளிப்படுகின்றன. 1969ஆம் ஆண்டில் மவுசாகலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணையால் பழைய தெல்தெனியா நகரம் மூழ்கியது. அதே ஆண்டிற் கொத்மலை நீர்த்தேக்கம் கடதொர விகாரையை உட்கொண்டது. கடுங்கோடையில் நீர்மட்டம் தாழும்போது மஸ்கெலியாவின் பழைய சைவக்கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றினின்றும் தலைகாட்டும். செய்தி பரவியதும் கமராக்கள் திரளும். இப்படங்களிற் பொழுது உண்டு என்பதை மறுக்கவியலாது. வறட்சியின் ஆழம் அவற்றில் அளந்து காட்டப்படுகின்றது. ஆயினும் இவற்றிற் பலவற்றை எடுத்தோர் இடிந்த தூணை மாலைச்செவ்வொளியில் நிறுத்தி, பழங்கால இராச்சியமொன்றின் எச்சம்போற் காட்டுகின்றனர். அது பழங்காலமன்று. அக்கோயில் முன்றிலிற் பொங்கலிட்டோர், அத்தெருவிற் கடைவைத்தோர் இன்றும் உயிரோடிருக்கின்றனர். நீர் தாழ்ந்ததும் அவர்கள் வந்து, தம் வாயிற்படி எதுவெனத் தேடி நிற்பர். படமெடுப்பவன் தூணுக்கு இடையூறென அவர்களை ஒதுங்கச் சொல்வானாயின், உரிப்பொருளைத் தன் கையாலேயே துடைத்தெறிந்தவன் ஆவான். தேடலும் இரங்கலுமே அந்நிலத்திற்கு உரியன.

கருவும் உரியும் பற்றிய இக்குறை மலைநாட்டுப் படங்களில் ஆழமாக வேரூன்றியது. அருவியைச் சூழ்ந்த சரிவெல்லாம் தேயிலை. தேயிலையின் நடுவே மக்கள். இருந்தும் அருவிப்படத்தில் அவர் இடம்பெறுவது அரிது; இடம்பெறின், கூடையேந்திச் சிரிக்கும் அணிகலனாகவே இடம்பெறுவர். அவ்வருவி நீரே குழாய்வழி லயன்களுக்கு வருகின்றது என்பதும், கோடையிற் குழாய் வறண்டதும் குடமெடுத்து நடப்பவர் பெண்களே என்பதும் படத்தில் இல்லை. ஆயின் இந்நாட்டில் இதற்கு மாறான முன்மாதிரிகளும் இருந்தன. முதுமையில் இலங்கை வந்து 1879ஆம் ஆண்டில் மலைநாட்டில் மறைந்த ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார், தம்மைச் சூழ்ந்த மலையழகைவிட மாந்தர் முகங்களையே நாடினார். தோட்டத் தொழிலாளரும் அவர்தம் படங்களுக்குப் பொருளாயினர். 1900ஆம் ஆண்டிற் பிறந்து 1944ஆம் ஆண்டில் மறைந்த லயனல் வெண்ட் என்னும் பெருங்கலைஞர், மேலைநாட்டுப் புதுமுறைகளையெல்லாம் கற்றும், மீனவர், உழவர், நடனர் ஆகியோரின் உடலையும் உழைப்பையும் தம் ஒளிநிழலுள் வைத்தார். அவர் மறைந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. எஞ்சியவற்றிலிருந்து 1950ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் இன்றும் போற்றப்படுகின்றது. அவரும் அழகை வழிபட்டவரே. எனினும் அவருடைய நிலத்தில் ஆளுண்டு, ஆளிடத்தில் தொழிலுண்டு.

இவ்வாறு கூறுவார்க்கு ஒரு மறுப்பு எழும். கலை அழகிற்காகவே அன்றோ? அருவியை அருவியாக மட்டும் கண்டு மகிழ்தல் குற்றமோ? அணையையும் வறட்சியையும் அறிக்கைகளில் எழுதலாமே. படத்தை ஏன் சுமையேற்றல் வேண்டும்? இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. நாள்முழுதும் உழைத்துக் களைத்தவன் சுவரில் மாட்டிய பாலருவியைக் கண்டு ஆறுதலடைவானாயின், அவ்வாறுதலைப் பறிக்க எமக்கு உரிமையில்லை. ஆயினும் பொழுதைச் சேர்ப்பதால் அழகு குன்றும் என்பதே பிழையான எண்ணம். வையைப் பாடல்களில் வெள்ளம் நுரையும் சருகும் மலரும் கலந்தே வருகின்றது. அதனால் அப்பாடல்களின் அழகு குறைந்ததோ? மிகுந்தது. பனி நெகிழும் படங்களை உலகோர் விரும்புவதும் அவற்றினுள் மாற்றம் தெரிவதாலேயே. மாற்றமில்லா அழகு முதற்காட்சியில் மயக்கும், பத்தாங்காட்சியில் சலிக்கும். சுற்றுலாக் கையேடுகளில் றம்பொடையையும் டெவோனையும் வேறுபடுத்தியறிய அடியிலுள்ள பெயரையே நாம் நம்பவேண்டியுள்ளமை இதற்குப் போதிய சான்றாகும்.

அன்றியும், பொழுதை மறந்த கண்ணுக்கு நீர் எப்போதும் இனிதாகவே தோன்றும். 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியது. அறுநூறு பேருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்; கண்டி மாவட்டம் மிகக் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. மலைச்சரிவுகள் பெயர்ந்து வீடுகளின்மேல் வீழ்ந்தன. அந்நாட்களில் நீர் எந்நிறத்தில், எக்கனத்தில் வந்தது என்பதை இங்கு வாழ்ந்தோர் மறவார். நீர் தரும் மகிழ்ச்சியையும் அச்சத்தையும் ஒருங்கே அறிந்த மக்களிடையே, அது எக்காலத்தும் வெண்பட்டாகவே வீழ்கின்றது எனக் காட்டும் கலை, நாளடைவிற் கண்ணையே மழுங்கச் செய்யும். எவ்வோடை எம்மாதத்தில் எவ்வளவு பெருகும், எந்நிறம் கொள்ளும் என்பதைக் கண்ணுற்று நினைவில் வைத்திருத்தல் ஒருகால் உயிர்காக்கும் அறிவாகவும் ஆகலாம்.

ஆகவே நிழற்படக் கலையிற் புகும் மாணவர்க்கு யான் வேண்டிக்கொள்வது அரியதொன்றன்று. தம் ஊரில் ஓர் ஓடையையோ அருவியையோ குளத்தையோ தெரிந்துகொள்க. அதனெதிரே ஒரு கல்லைக் குறித்துவைத்து, மாதந்தோறும் அக்கல்லின்மீது நின்றே படமெடுக்க. ஒளி நன்றாயிருப்பினும் இல்லாவிடினும் எடுக்க. நீர் இல்லாத மாதத்தில் கட்டாயம் எடுக்க. ஒவ்வொன்றின் பின்னும் நாளும் நேரமும் எழுதுக. யாரேனும் குடத்தோடு வந்தால், அவர் உடன்பட்டால், அவரையும் படத்தினுள் நிற்கவிடுக. பன்னிரண்டு படங்களை வரிசையாய் வைத்துப் பார்த்தால், அவற்றுள் எது புதுப்புனல் என்பதைக் குழந்தையும் காட்டும். சுவா ஏரியின் குருமாரிடம் விலையுயர்ந்த கருவி இருக்கவில்லை. நாளைக் குறிக்கும் பழக்கமே இருந்தது. அப்பழக்கத்தை எம் பாடசாலைகளிலும் தொடங்குதல் எளிது.

எமது நடுவர் தீர்ப்பு அன்று பிழையாயிற்று. முதற்பரிசு பெற்ற படத்தில் நிலம் மட்டுமே இருந்தது. சுருட்டிச் செல்லப்பட்ட படத்திலோ பாறையாகிய நிலமும், விடியுமுன் என்னும் பொழுதும், சாலையும் மாந்தரும் ஆகிய கருவும், காத்திருத்தல் என்னும் உரியும் ஒருங்கே இருந்தன. நீர் இல்லை என யான் எழுதிய குறிப்பு உண்மையே. ஆனால் அதனைக் குறையென எழுதியதே தவறு. அப்படத்தின் பொருளே அதுதான். அம்மாணவன் இப்பொழுது எங்குள்ளான் என அறியேன். இவ்விதழ் அவன் கைக்கு எட்டுமாயின், தன் ஆசிரியருள் ஒருவன் காலந்தாழ்த்தியேனும் மதிப்பெண்ணைத் திருத்திக்கொண்டான் என அவன் அறிவானாக.